ஹாம்ஸ்ட்ரிங் காயம்: வராமல் பார்த்துக்கொள்வது, வந்தால் சமாளிப்பது – முழுமையான வழிகாட்டி

2017 ஆகஸ்டில் லண்டனில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் உசேன் போல்ட் தன் கடைசிப் பந்தயத்தை ஓடி முடிக்கவில்லை. 4×100 தொடர் ஓட்டத்தில் கடைசி ஆளாகப் பேட்டனை வாங்கி, வேகமெடுத்த சில நொடிகளில் இடது தொடையின் பின்பக்கம் பிடித்துக்கொள்ள, நொண்டியபடியே தடத்தில் விழுந்தார். பள்ளி ஆண்டு விழாவில் அப்பாக்களுக்கான ஓட்டப்பந்தயம் என்று மைக்கில் கூப்பிட்டதும் பேன்ட்டை மடித்துவிட்டு ஓடி, முப்பதாவது மீட்டரில் தொடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே, அவருக்கு நடப்பதும் பெரும்பாலும் இதே இடத்தில்தான். தொடையின் பின்பக்கம், ஹாம்ஸ்ட்ரிங்.

ஐரோப்பாவின் முன்னணி கால்பந்து கிளப்புகளை 2001-ல் இருந்து ஸ்வீடனைச் சேர்ந்த யான் எக்ஸ்ட்ராண்ட் குழு கண்காணித்து வருகிறது. 2001-02 சீசனில் மொத்தக் காயங்களில் 12 சதவீதமாக இருந்த ஹாம்ஸ்ட்ரிங் காயம், 2021-22-ல் 24 சதவீதமாகிவிட்டது. இத்தனைக்கும் இதைப் பாதியாகக் குறைக்கும் ஒரு பயிற்சி, கருவியே தேவைப்படாத பயிற்சி, பத்து வருடங்களுக்கு மேலாகக் கையில் இருக்கிறது. வழி தெரிந்தும் ஒழுங்காகச் செய்கிறவர்கள் குறைவு. எல்லா விளையாட்டுக் காயங்களையும் மேலோட்டமாகத் தொட்டுவிட்டுப் போவதைவிட இந்த ஒன்றை மட்டும் அடி முதல் நுனி வரை பார்த்துவிடலாம் என்று நினைக்கிறேன். ஓட்டக்காரர், கால்பந்து, கிரிக்கெட், கபடி, போலீஸ் வேலைக்கான உடல்திறன் தேர்வுக்குத் தயாராகிறவர் என எல்லாருக்கும் இது பொருந்தும்.

எந்தத் தசை, எப்போது கிழிகிறது?

ஹாம்ஸ்ட்ரிங் என்பது ஒரே தசை இல்லை. உட்காரும்போது தரையில் பதியும் இடுப்பெலும்பின் அடிப்பகுதியில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே போய்ச் சேரும் மூன்று தசைகளின் கூட்டம் அது. ஓடும்போது அதிகம் அடிபடுவது வெளிப்பக்கமாக இருக்கும் பைசெப்ஸ் ஃபெமோரிஸ், குறிப்பாக அதன் நீளமான தலைப்பகுதி.

வேகமாக ஓடும்போது காலை முன்னால் வீசுகிறோம். பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு, முன்னால் பாயும் கீழ்க்காலை இழுத்துப் பிடித்து நிறுத்துவது ஹாம்ஸ்ட்ரிங்தான், சைக்கிள் பிரேக் மாதிரி. அந்த நொடியில் தசை நீண்டுகொண்டே இருக்கிறது, நீண்டுகொண்டே விசையும் கொடுக்கிறது. இப்படி நீளும்போது வேலை செய்வதை எக்சென்ட்ரிக் இயக்கம் என்பார்கள். பெரும்பாலான கிழிசல் இந்த இடத்தில்தான் நடக்கிறது. ஜிம்மில் லெக் கர்ல் மெஷினில் படுத்துக்கொண்டு தட்டுத் தட்டாக எடையை ஏற்றுகிறவருக்கும் ஏன் ஹாம்ஸ்ட்ரிங் போகிறது என்றால், அவர் பெரும்பாலும் தசையைச் சுருக்கிப் பழக்குகிறார். எடையை மெதுவாக இறக்கும் பாதியை டமால் என்று விட்டுவிடுகிறார்.

இன்னொரு வகையும் உண்டு. காலை நீட்டி இடுப்பை அதிகமாக மடக்கும்போது வருவது. கபடியில் போனஸ் கோட்டைத் தொட ஒரு காலை நீட்டுகிறார்களே, நடனத்தில் காலை உயர்த்துகிறார்களே, அந்த நிலை. ஸ்வீடனின் ஆய்வாளர் கார்ல் ஆஸ்க்லிங் 2007-ல் ஸ்பிரிண்டர்களையும் (குறுந்தூர வேக ஓட்டக்காரர்கள்) நடனக்காரர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். நடனக்காரர்களின் காயம் ஆரம்பத்தில் லேசாகத்தான் தெரிந்தது, வலியும் குறைவு. ஆனால் பழைய நிலைக்குத் திரும்ப ஸ்பிரிண்டர்களுக்கு 16 வாரம் என்றால் இவர்களுக்கு 50 வாரம் பிடித்தது. அதனால் காலை நீட்டும்போது பிட்டத்துக்கு அருகில் சுருக்கென்று பிடித்தால், நடக்க முடிகிறதே என்று அலட்சியமாக இருக்காதீர்கள்.

படி 1: உங்களுக்கு எவ்வளவு அபாயம் என்று பாருங்கள்

மிகப்பெரிய காரணி, ஏற்கெனவே ஒருமுறை ஹாம்ஸ்ட்ரிங் போயிருப்பது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2020-ல் வெளிவந்த ஒரு மதிப்பாய்வின்படி, முன்பு காயம்பட்டவருக்கு மறுபடி வரும் அபாயம் மற்றவரைவிடக் கிட்டத்தட்ட 2.7 மடங்கு. அதே சீசனில் பட்டிருந்தால் ஐந்து மடங்கை நெருங்குகிறது. அடுத்தது வயது. இவை இரண்டையும் மாற்ற முடியாது. மாற்றக்கூடியவை பலம், தசை இழைகளின் நீளம், வேகமாக ஓடிய பழக்கம்.

இழை நீளம் என்றதும் குனிந்து கால்விரலைத் தொடுவதுதான் ஞாபகம் வரும், அது வேறு. ஆஸ்திரேலியாவில் தொழில்முறைக் கால்பந்து வீரர்களின் தசையை அல்ட்ராசவுண்டில் அளந்து பார்த்து 2016-ல் வெளியிட்டார்கள். பைசெப்ஸ் ஃபெமோரிஸின் இழைக்கற்றைகள் குட்டையாக இருந்தவர்களுக்குக் காயம் வரும் வாய்ப்பு நான்கு மடங்கு அதிகமாக இருந்தது. நல்ல செய்தி என்னவென்றால், எக்சென்ட்ரிக் பயிற்சி செய்தால் இந்த இழைகள் சில வாரங்களிலேயே நீள்கின்றன.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. மல்லாந்து படுத்து, ஒரு குதிகாலை 60 செ.மீ. உயரமுள்ள பெட்டியிலோ உறுதியான ஸ்டூலிலோ வையுங்கள், முழங்கால் லேசாக மடங்கியிருக்கட்டும், மற்ற காலை நேர் மேலே நிறுத்தி, கைகளை மார்பின் மேல் கட்டிக்கொள்ளுங்கள். இப்போது குதிகாலை அழுத்தி இடுப்பைத் தூக்கி இறக்குங்கள், ஒவ்வொரு முறையும் பிட்டம் தரையைத் தொட வேண்டும், ஆனால் தரையில் ஓய்வெடுக்கக் கூடாது. ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்து வீரர்களிடம் செய்த ஆய்வில் 20-க்குக் கீழே மோசம், 25 சுமார், 30-க்கு மேல் நல்லது என்று வைத்துக்கொண்டார்கள். இரண்டு காலுக்கும் எண்ணிக்கையைக் குறித்து வையுங்கள். ஒரு கால் 28, இன்னொரு கால் 15 என்று வந்தால் எங்கே வேலை இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அபாயப் பட்டியலில் எந்த ஆய்வும் பார்க்காமல் நானே சேர்ப்பது ஒன்று: இடைவெளிக்குப் பிறகு திடீரென்று ஓடுவது. போலீஸ் தேர்வுக்கு எழுத்துத் தேர்வு முடியும்வரை மாதக்கணக்கில் நாற்காலியில் உட்கார்ந்து படித்துவிட்டு, ரிசல்ட் வந்த மறுநாள் காலையில் கிரவுண்டுக்குப் போய் முழு வேகத்தில் 100 மீட்டர் அடிப்பவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். படிக்கும் காலத்திலேயே வாரம் இரண்டு நாள் ஓடி வையுங்கள்.

படி 2: நார்டிக் பயிற்சி

காயத்தைப் பாதியாகக் குறைக்கும் பயிற்சி என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது இதுதான். மிச்சமெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

முட்டி போட்டு நில்லுங்கள். முட்டிக்குக் கீழே மடித்த போர்வையோ யோகா மேட்டோ போட்டுக்கொள்ளுங்கள், வெறும் சிமெண்ட் தரை வேண்டாம். நண்பர் ஒருவர் பின்னால் உட்கார்ந்து உங்கள் கணுக்கால்களை இரண்டு கையாலும் தரையோடு அழுத்திப் பிடிக்கட்டும். ஆள் இல்லையென்றால் இரும்புக் கட்டில், கனமான பெஞ்ச் என்று அசையாத எதற்காவது அடியில் குதிகாலை மாட்டிக்கொள்ளலாம். முட்டியிலிருந்து தலை வரை ஒரே நேர்கோடு. அப்படியே முன்னால் சாயுங்கள், முடிந்த அளவு மெதுவாக, ஹாம்ஸ்ட்ரிங்கால் உடம்பைத் தடுத்து நிறுத்தியபடி. ஒரு கட்டத்துக்கு மேல் தாங்காது, அப்போது கைகளை ஊன்றிக்கொண்டு மார்பு தரையைத் தொட விழுங்கள். கையால் தள்ளி மேலே வாருங்கள். மேலே வரும்போது ஹாம்ஸ்ட்ரிங்கால் இழுக்க வேண்டியதில்லை. கீழே போகும் பாதிதான் பயிற்சி.

எல்லாரும் செய்யும் தவறு இடுப்பை மடக்குவது. பிட்டம் பின்னால் போய், தலை மட்டும் முன்னால் போகும், பார்க்க நார்டிக் மாதிரியே இருக்கும், தசையில் பாதிச் சுமைகூட விழாது. பக்கவாட்டில் இருந்து மொபைலில் ஒரு வீடியோ எடுத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். முதல் நாளில் கால்வாசி தூரத்திலேயே பொத்தென்று விழுவீர்கள். பரவாயில்லை, எல்லாருக்கும் அப்படித்தான்.

அளவு முக்கியம். நார்வேயில் உருவாக்கி, பிறகு டென்மார்க்கின் பெரிய ஆய்விலும் பயன்படுத்திய பத்து வாரத் திட்டம் இப்படிப் போகும். முதல் வாரம் ஒரே ஒரு நாள், இரண்டு செட், செட்டுக்கு 5 முறை. இரண்டாம் வாரம் இரண்டு நாள், இரண்டு செட், 6 முறை. மூன்றாம் வாரத்தில் மூன்று நாள், மூன்று செட், 6 முதல் 8 முறை. நான்காம் வாரம் அதே மூன்று நாள், மூன்று செட், 8 முதல் 10. ஐந்தாம் வாரத்திலிருந்து பத்தாம் வாரம் வரை மூன்று நாள், 12, 10, 8 என்று மூன்று செட். அதன் பிறகு சீசன் முழுக்க வாரம் ஒரு நாள் போதும்.

முதல் வாரம் 10 முறைதானா, இதெல்லாம் ஒரு பயிற்சியா என்று தோன்றும். ஆர்வக்கோளாறில் முதல் நாளே முப்பது அடித்தால் அடுத்த மூன்று நாள் கழிவறையில் உட்கார்ந்து எழவே கஷ்டப்படுவீர்கள், அத்தோடு நார்டிக்கைக் கைகழுவிவிடுவீர்கள். இந்தப் பயிற்சியைப் பாதியில் விட்டவர்களில் நிறையப் பேரின் கதை இதுதான். மேட்சுக்கு முந்தின நாள் செய்யாதீர்கள். பிராக்டிஸ் முடிந்த பிறகு செய்வது நல்லது.

சரி, ஆதாரம் என்ன? டென்மார்க்கில் 942 கால்பந்து வீரர்களை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு வழக்கமான பயிற்சியோடு இதையும் கொடுத்தார்கள். 2011-ல் முடிவு வந்தது. நார்டிக் செய்யாத பக்கம் 52 ஹாம்ஸ்ட்ரிங் காயம், செய்த பக்கம் 15. அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது மறுகாயக் கணக்கு: 20-க்கு எதிராக 3. ஏற்கெனவே ஒருமுறை போனவர்களுக்குத்தான் இது அதிகம் உதவுகிறது. 2015-ல் நெதர்லாந்தில் அமெச்சூர் வீரர்கள் 579 பேரிடம் செய்து பார்த்தபோது, செய்யாத பக்கம் 25 காயம், செய்த பக்கம் 11. வார இறுதியில் மட்டும் விளையாடும் நம்மைப் போன்றவர்களுக்கு இந்த இரண்டாவது ஆய்வுதான் நெருக்கம். 2019-ல் மொத்தம் 8,459 பேரை உள்ளடக்கிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள், காயம் சுமார் பாதியாகக் குறைகிறது என்று வந்தது.

இவ்வளவு தெரிந்தும் என்ன நடந்தது? சாம்பியன்ஸ் லீக் அணிகளையும் நார்வேயின் முதல்நிலை அணிகளையும் விசாரித்து 2015-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். திட்டத்தை முழுமையாகக் கடைப்பிடித்தது வெறும் 10.7 சதவீதம். கோடிகளில் சம்பளம், பிசியோ, ஜிம், சாப்பாட்டுக்குத் தனி ஆள் எல்லாம் இருக்கிற இடத்திலேயே நிலைமை இப்படி. தொடை வலிக்கும், அலுப்பாக இருக்கும், பந்தோடு தொடர்பே இல்லாத பயிற்சி, அதனால் கோச்சும் வற்புறுத்துவதில்லை.

சோம்பேறிகளுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. 2018-ல் ஆஸ்திரேலியாவில் இரண்டு குழுக்களை ஒப்பிட்டார்கள். ஆறு வாரத்தில் ஒரு குழு மொத்தம் 440 முறை செய்தது, இன்னொரு குழு 128 முறைதான். பலம் கூடியதும் இழைகள் நீண்டதும் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். குறைவாகச் செய்தவர்கள் கடைசி வாரங்களில் வாரத்துக்கு எட்டே முறை செய்தார்கள், இரண்டு செட், செட்டுக்கு நான்கு. ஆனால் விட்டுவிட்டால் இரண்டு வாரத்திலேயே நீண்ட இழைகள் பழையபடி குட்டையாகத் தொடங்குகின்றன. இதில் பார்த்தது பலத்தையும் இழை நீளத்தையும்தான், காயக் கணக்கை அல்ல. இருந்தாலும் என் யோசனை: வாரம் மூன்று நாள் செய்ய முடியாதவர், செய்யாமலே விடுவதற்குப் பதில் இந்த எட்டையாவது செய்யட்டும்.

படி 3: வேகமாக ஓடுங்கள், அடிக்கடி

பிடித்துக்கொள்ளும் என்று பயந்து முழு வேகத்தில் ஓடுவதைத் தவிர்த்துக்கொண்டே வருவார்கள், பிறகு மேட்சில் ஒரு பந்தைத் துரத்தி ஓடும்போது சரியாக அங்கே கிழியும். முழு வேக ஓட்டத்தில் ஹாம்ஸ்ட்ரிங்குக்கு விழும் சுமையை ஜிம் பயிற்சிகளில் கொண்டுவருவது கஷ்டம், அதனால் ஓட்டத்துக்குத் தயாராக ஓடத்தான் வேண்டும். அயர்லாந்தின் கேலிக் கால்பந்து வீரர்களைக் கவனித்த ஆய்வில், பயிற்சியின்போது தங்கள் உச்சவேகத்தில் 95 சதவீதத்துக்கு மேல் அவ்வப்போது எட்டியவர்களுக்குக் காயம் குறைவாக இருந்தது. நீண்ட நாளாக ஓடாமல் இருந்தவர் அதையே திடீரென்று செய்தால் பலன் தலைகீழாகிவிடும்.

தொடங்குகிறவர் முதல் இரண்டு வாரம் 60-70 சதவீத வேகத்தில் 40 மீட்டர் ஓட்டம் நாலைந்து எடுங்கள், வாரம் இரண்டு நாள். மூன்றாம், நான்காம் வாரம் 80-85. பிறகு 90-க்கு மேல், ஆனால் எண்ணிக்கை குறைவாக, நடுவில் இரண்டு மூன்று நிமிடம் நடந்து ஓய்வெடுத்து. முதல் பத்து மீட்டரில் சட்டென்று பாயாமல் படிப்படியாக வேகத்தை ஏற்றுங்கள். களைத்துப்போன பிறகு கடைசியில் ஸ்பிரிண்ட் வைக்காதீர்கள், வார்ம் அப் முடிந்ததும் வையுங்கள்.

படி 4: வார்ம் அப், தூக்கம், நீட்டல்

நின்ற இடத்தில் காலை நீட்டி முப்பது நொடி பிடிக்கும் ஸ்ட்ரெச்சிங் மட்டும் செய்தால் காயம் குறையும் என்பதற்குப் பெரிதாக ஆதாரம் இல்லை. ஆஸ்திரேலிய ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1,538 பேரிடம் செய்த ஆய்வு 2000-லேயே இதைச் சொல்லிவிட்டது. பிடித்திருந்தால் செய்யுங்கள், அதோடு நிறுத்திவிடாதீர்கள். ஃபிஃபாவின் 11 பிளஸ் வார்ம் அப்பில் மெதுஓட்டம், பலப்பயிற்சி, சமநிலை, குதித்தல், கடைசியில் வேக ஓட்டம் என்று எல்லாம் சுமார் இருபது நிமிடத்தில் வருகிறது, நார்டிக்கும் அதில் உண்டு. நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்கள் 1,892 பேரிடம் சோதித்தபோது கடுமையான காயங்கள் ஏறக்குறைய பாதியாகின.

தூக்கத்தைப் பற்றி ஒரு வரி. பள்ளி வயது வீரர்கள் 112 பேரைப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வில், எட்டு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குக் காயம் வர 1.7 மடங்கு வாய்ப்பு இருந்தது. காலை ஐந்தரைக்குக் கிரவுண்டில் நிற்கச் சொல்லும் கோச்சுகள் இரவு எத்தனை மணிக்குப் படுத்தாய் என்றும் கேட்டால் நன்றாக இருக்கும்.

படி 5: பிடித்துவிட்டது – முதல் இரண்டு நாள்

ஓடுவதை உடனே நிறுத்துங்கள். ஸ்பிரே அடித்துவிட்டு இன்னும் இரண்டு ஓவர்தானே என்று தொடர்வதுதான் சின்னக் கிழிசலைப் பெரிதாக்கும். ஸ்பிரே வலியை மரக்கச் செய்யும், கிழிந்த இழையை ஒட்டாது.

துணி சுற்றிய ஐஸ் பத்துப் பதினைந்து நிமிடம், வலிக்கு வேண்டுமானால், ஒரு நாளில் சில முறை. ஐஸ் தசையைக் குணப்படுத்தும் என்று நினைக்க வேண்டாம். ஓய்வு, ஐஸ், அழுத்தக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் சேர்த்து ரைஸ் என்று 1978-ல் பெயர் கொடுத்த அமெரிக்க டாக்டர் கேப் மிர்கினே, ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் மாற்றி எழுதினார். எலாஸ்டிக் பேண்டேஜைக் கால் மரத்துப்போகாத அளவுக்குச் சுற்றலாம். வலி தாங்கும் அளவுக்கு நடக்கலாம், நொண்டியே ஆக வேண்டியிருந்தால் ஊன்றுகோல் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் இந்தத் தைலம் விஷயம். எந்த ஊரிலும் சுளுக்கு எடுக்கிறேன் என்று சூடாக எண்ணெய் தேய்த்துக் கட்டைவிரலால் அழுத்தி வழித்துவிடுகிறவர் ஒருவர் இருப்பார். பழைய இறுக்கத்துக்கு அவரிடம் போனால் சுகமாகத்தான் இருக்கும், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் தசை கிழிந்து உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும் முதல் சில நாட்களில் அழுத்தித் தேய்ப்பதும் வெந்நீர் ஒத்தடமும் கசிவைக் கூட்டும். இழுத்து நீட்டி விடுவதும் வேண்டாம். வலி மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு அன்றே விளையாடுவது எல்லாவற்றிலும் மோசம்.

இந்த அறிகுறிகள் இருந்தால் பிசியோவுக்குக் காத்திருக்காமல் எலும்பு அல்லது விளையாட்டு மருத்துவரிடம் போங்கள்: 'டப்' என்று சத்தம் கேட்டு அல்லது உணர்ந்து, அதன் பிறகு ஊன்றவே முடியவில்லை, பிட்டத்துக்கு அடியில் வலித்து உட்கார முடியவில்லை, ஓரிரு நாளில் தொடை முழுக்கக் கருநீலமாகக் கன்றிப்போகிறது, தசையில் பள்ளம் தட்டுப்படுகிறது. தசைநாண் எலும்பிலிருந்தே பிடுங்கி வந்திருக்கலாம், அறுவை சிகிச்சை தேவையென்றால் சீக்கிரம் செய்வதுதான் சுலபம். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு, எலும்பு இன்னும் வளர்ந்து முடியாததால், தசை கிழிவதற்குப் பதில் எலும்பின் ஒரு துண்டே பெயர்ந்து வருவதுண்டு. அவர்களுக்கு ஓர் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். அடிபட்ட நினைவே இல்லாமல் இடுப்பிலிருந்து கால்வரை இழுக்கும் வலி, மரமரப்பு என்றால் பிரச்சினை முதுகில் இருக்கலாம். கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருந்தால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று அன்றைக்கே பார்க்க வேண்டும்.

லேசான காயத்துக்கெல்லாம் எம்ஆர்ஐ தேவையில்லை. நல்ல பிசியோ கையால் தொட்டு, தடுத்துப் பார்த்தே நிறையச் சொல்லிவிடுவார்.

படி 6: மூன்றாம் நாளிலிருந்து பயிற்சி

முழு ஓய்வெடுத்துக் குணமான பிறகு பயிற்சி தொடங்கலாம் என்பதுதான் பொதுவான நினைப்பு. டென்மார்க்கில் தொடை அல்லது கெண்டைக்கால் தசை கிழிந்த 50 அமெச்சூர் வீரர்களைப் பிரித்து, பாதிப் பேருக்குக் காயத்துக்கு இரண்டு நாள் கழித்தும் மீதிப் பேருக்கு ஒன்பது நாள் கழித்தும் பயிற்சியைத் தொடங்கினார்கள். முன்பே தொடங்கியவர்கள் 62.5 நாளில் விளையாட்டுக்குத் திரும்பினார்கள், தாமதமாகத் தொடங்கியவர்கள் 83 நாளில். ஒரு வாரம் சும்மா இருந்ததற்கு விலை மூன்று வாரம். 2017-ல் வெளிவந்த முடிவு இது.

எந்தப் பயிற்சி? ஆஸ்க்லிங் 2013-ல் ஸ்வீடனின் முதல்நிலைக் கால்பந்து வீரர்கள் 75 பேரிடம் இரண்டு முறைகளை ஒப்பிட்டார். வழக்கமான பயிற்சிகள் செய்தவர்கள் சராசரியாக 51 நாளில் திரும்பினார்கள், தசையை நீட்டியபடியே வேலை கொடுக்கும் பயிற்சிகள் செய்தவர்கள் 28 நாளில். மூன்றே பயிற்சிகள், ஐந்தாம் நாளில் தொடங்கியவை. வீட்டுக்குள்ளேயே செய்யலாம்.

எக்ஸ்டெண்டர்: மல்லாந்து படுத்து, அடிபட்ட காலின் தொடையை இரு கையாலும் பிடித்து நேர் மேலே நிறுத்துங்கள். முழங்காலை மெதுவாக நிமிர்த்தி, வலி தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்பு நிறுத்தி, மடக்குங்கள். மூன்று செட், 12 முறை, தினம் இரண்டு வேளை.

டைவர்: அடிபட்ட காலில் நின்று, முழங்காலைச் சற்றே மடக்கி, கைகளை முன்னால் நீட்டி, மற்ற காலைப் பின்னால் தூக்கி, நீரில் குதிக்கப் போகிறவர் மாதிரி இடுப்பிலிருந்து முன்னால் சாயுங்கள். மிக மெதுவாக. மூன்று செட், 6 முறை, ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

கிளைடர்: சுவரையோ ஜன்னல் கம்பியையோ பிடித்துக்கொண்டு, எடை முழுவதும் அடிபட்ட காலின் குதிகாலில், மற்ற காலில் சாக்ஸ் போட்டு மொசைக் தரையில் பின்னால் வழுக்கிக்கொண்டே போங்கள். வலிக்கு முன் நின்று, கையால் இழுத்துத் திரும்புங்கள். மூன்று செட், 4 முறை, மூன்று நாளுக்கு ஒருமுறை. மூன்றில் இதுதான் கடினம்.

வலியே இல்லாமல் செய்ய வேண்டுமா? ஆஸ்க்லிங் முறையில் ஆம். ஆனால் 2020-ல் வந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், பத்துக்கு நான்கு வரை வலியை அனுமதித்தவர்களையும் வலியே கூடாது என்று செய்தவர்களையும் ஒப்பிட்டார்கள். திரும்பிய நாளில் பெரிய வித்தியாசம் இல்லை. லேசான வலியைப் பார்த்துப் பதற வேண்டாம் என்று எடுத்துக்கொள்கிறேன். மறுநாள் காலையில் முந்தின நாளைவிட வலி கூடியிருந்தால் அளவைக் குறையுங்கள்.

கூடவே ஓட்டமும். நொண்டாமல் வேகமாக நடக்க முடிந்ததும் மெதுஓட்டம், அது சரியாக வந்ததும் பாதி வேகம், பிறகு ஒவ்வொரு கட்டமாக. முழு வேகத்தில் 70 சதவீதம் வரை சீக்கிரம் வந்துவிடலாம். அதற்கு மேல் ஒவ்வொரு பத்து சதவீதத்துக்கும் இரண்டு மூன்று அமர்வு எடுத்துக்கொள்ளுங்கள், ஹாம்ஸ்ட்ரிங்கின் சுமை அங்கேதான் சட்டென்று ஏறுகிறது.

பிளேட்லெட் ஊசி பற்றிக் கேட்பார்கள். சொந்த ரத்தத்தைப் பிரித்தெடுத்துத் தசையில் போடும் பிஆர்பி. நெதர்லாந்தில் 80 வீரர்களுக்குப் பாதிப் பேருக்கு பிஆர்பியும் மீதிப் பேருக்கு உப்புநீரும் போட்டுப் பார்த்தார்கள், 2014-ல் முடிவு: திரும்பும் நாளில் வித்தியாசம் இல்லை. அந்தக் காசை நாலைந்து வாரம் நல்ல பிசியோவுக்குக் கொடுங்கள்.

படி 7: திரும்பலாமா என்று முடிவெடுப்பது

வலி போய்விட்டது, அதனால் ஞாயிற்றுக்கிழமை மேட்சுக்கு வருகிறேன் என்பதுதான் மறுகாயத்துக்கான டிக்கெட். நடக்கும்போதும் படியேறும்போதும் வலி போவது முதலில் நடக்கும், பலமும் வேகமும் திரும்புவது வெகு பின்னால். கேப்டன் ஆள் குறைகிறது என்று போன் செய்வார். அவருக்குப் பதில் சொல்வதற்கு முன் இவற்றைப் பாருங்கள்.

தசையை விரலால் அழுத்தினால் அடிபட்ட இடத்தில் வலி இல்லை. படி 1-ல் சொன்ன ஒற்றைக்கால் சோதனையில் இரண்டு காலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை. முழு வேகத்தில் 40 மீட்டர், ஒரே நாளில் பல முறை, பிறகு இன்னொரு நாளும், தயக்கம் இல்லாமல். சட்டென்று நிற்பது, திரும்புவது, குனிந்து பந்தெடுப்பது, கபடியென்றால் காலை நீட்டித் தொடுவது எல்லாம் களைத்த நிலையிலும் வருகிறது. குறைந்தது ஒரு வாரம் அணியோடு முழுப் பயிற்சி.

கடைசியாக ஆஸ்க்லிங்கின் ஒரு சோதனை. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்காமல், அடிபட்ட காலை எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக மேலே வீசுங்கள், மூன்று முறை. மற்ற எல்லாச் சோதனையிலும் தேறிய பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். வலிக்கிறதா என்பது மட்டும் கேள்வி இல்லை. வீசும்போது உள்ளுக்குள் ஒரு பயம், 'கிழிந்துவிடுமோ' என்ற பிடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இன்னும் சில நாள் பயிற்சி, பிறகு மறுபடி.

படி 8: திரும்பிய பிறகு

மறுபடி கிழிவதற்கு மிக அபாயமான காலம், திரும்பிய முதல் சில வாரங்கள். முதல் மேட்சில் முழு நேரமும் ஆட வேண்டாம், கால்பந்தென்றால் இரண்டாம் பாதியில் இறங்குங்கள், கிரிக்கெட்டில் வேகப்பந்து வீச்சாளர் இரண்டு மூன்று ஓவர் போட்டுவிட்டு நிறுத்தட்டும், இரண்டு நாளில் இரண்டு மேட்ச் வேண்டவே வேண்டாம். நார்டிக்கை மறுபடி முதல் வாரத்திலிருந்து தொடங்கி படிப்படியாக ஏறுங்கள். பிசியோ கட்டணம் கட்டுவது நின்றதும் பயிற்சியும் நின்றுவிடுவதுதான் வழக்கம். வாரத்தில் பிராக்டிஸ் உள்ள ஒரு நாளை இதற்கென்று ஒதுக்கி, கணுக்காலைப் பிடிக்க அதே அணியில் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் செய்யும்போது அவர் பிடிக்கட்டும், அவர் செய்யும்போது நீங்கள் பிடியுங்கள், இரண்டு பேருக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகும்.